நிலாவுக்குப் போன மன்மதன்

சிவன் இன்னும் நெற்றிக்கண்ணைத் திறக்கவே இல்லை. அதற்குள் மன்மதன் விழுந்துவிட்டான்.

தப்பு மேளம் நின்றுபோனது. ரதி வேஷம் போட்டிருந்த அழகுமுத்து சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, "டேய் சோலமல, ஒன்னய எரிக்க இன்னும் நாளு கெடக்குடா, எந்திரிடா!" என்று உலுக்கினான். மன்மதன் வேஷத்தில் இருந்த என் அண்ணன் சோலைமலை எழுந்தான். முகம் வெளுத்து, முழங்கால் மடங்கி, மறுபடியும் உட்கார்ந்துவிட்டான்.

தேயிலைத் தோட்டத்து லய வீடுகளின் சனம் வாயில் கை வைத்தது. காமன் கூத்துக்குக் காப்புக் கட்டியவன் முதல் ஆட்டத்திலேயே விழுந்தால் தோட்டத்துக்கே ஆகாதாம்.

"விரதத்தக் கெடுத்துப்புட்டான். கருவாடு கிருவாடு தின்னானா?" என்றார் கூத்து வாத்தியார் வீரய்யா.

அம்மா சண்டைக்குப் போனாள். "எம்புள்ள ஒரு வாரமா காம்பராவ விட்டு வெளிய வரலைங்க! படுத்த படுக்கையா விரதம் இருந்தான்!"

யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். அண்ணன் விரதத்தில் இல்லை, நிலாவில் இருந்தான்.

ராக்கெட்டில் விண்வெளிக்குப் போனவர் ஒருவர் கொழும்புக்கு வந்துபோனதிலிருந்தே அவனுக்கு அந்தப் பைத்தியம். நோர்வூட் டவுன் சலூனில் பேப்பர் படித்துவிட்டு வந்தான். நிலாவில் நம் கனம் ஆறில் ஒரு பங்குதானாம். சுமக்க ஒன்றுமில்லாமல் காலும் எலும்பும் சோம்பேறியாகிவிடுமாம். ரத்தத்தைத் தலைக்கு ஏற்ற நெஞ்சுக்கே மறந்துபோகுமாம். அதைச் சோதிக்க வெளிநாட்டில் ஆட்களை நாள்கணக்கில் படுக்கப் போட்டுப் பார்க்கிறார்களாம்.

"அங்க முதுகுல கொழுந்துக் கூடை கனக்காதும்மா" என்றான் அம்மாவிடம்.

"தராசுலயும் கனக்காதே! கணக்கப்புள்ள கால் கூடைன்னு எழுதுவாரு. நான் வரலப்பா."

காப்புக் கட்டியதும் என்னைத் தனியாகக் கூப்பிட்டான். "இப்ப யாரும் வேலைக்குக் கூப்புட மாட்டாங்க தங்கச்சி. நம்மளும் படுத்துப் பாத்துருவோம்." சோறு ஊட்டுவது என் வேலை. ஒரு பழைய டின்னை வெளியே கொண்டுபோய்க் கொட்டுவதும் என் வேலை, அதைப் பற்றிக் கேட்காதீர்கள். "காலு பஞ்சாட்டம் இருக்கு!" என்று சந்தோஷப்பட்டான். ஆட்டத்துக்குக் கால் வேண்டுமே என்று எங்கள் இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

இப்போது எல்லாரும் தூங்குகிறார்கள். நான் அவன் காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டிருக்கிறேன். "நான் பூமிக்கு வந்துட்டேன், காலுதான் இன்னும் வந்து சேரல" என்று சிரிக்கிறான். அவனுக்கென்ன, சத்தியம் பண்ணப்போவது நான்.

சோறு போட்டவள் நான்தானே. விடிந்ததும் வீரய்யா காமன் பொட்டலில் கற்பூரத்தைக் கொளுத்தி, "விரதம் சுத்தமா இருந்தானா? அடிச்சுச் சொல்லு புள்ள" என்று கேட்பார். இல்லை என்று சொன்னால் காப்பை அறுத்துவிடுவார்கள், அம்மா லயத்தில் தலை நிமிர முடியாது. ஆமாம் என்று சொல்லலாம், ஆனால் அது பொய்யாக இருந்தால் எதிரே கற்பூரம் எரிந்துகொண்டிருக்கும்.

கறி தொடவில்லை. மீன் தொடவில்லை. சோறும் பருப்பும்தான். ஆனால் அத்தனை நாளும் காமனை ஒரு தரம்கூட நினைக்காமல், நிலாவையே நினைத்துக்கொண்டு படுத்துக் கிடந்தான்.

அது விரதத்தில் சேருமா, சேராதா?