கேமராத் தெரு ஐந்தடி ஆன விதம்

கேமராக் கடைத் தெரு ஒரே வருடத்தில் முப்பது அடி அகலத்திலிருந்து ஐந்து அடியாகச் சுருங்கியது. பூமி அதிரவில்லை, யாரும் சுவரை இடித்துக் கட்டவில்லை. பெரிய கேமராவின் விலை குறைந்தது, அவ்வளவுதான். விலை குறைத்த கடை, குறைத்த அளவுக்கு முன்னால் நகர்ந்து வந்தது. எதிர்க்கடை சும்மா இருக்குமா? அதுவும் குறைத்தது, அதுவும் நகர்ந்து வந்தது. அந்தத் தெருக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள், வெங்காய விலை சொல்வதுபோலச் சொல்வார்கள்.

பெரிய கேமரா என்றதும் ஆளுயரத்துக்கு ஒன்றை நினைத்துக்கொள்ளாதீர்கள். கடைக்காரர்கள் அதை மீடியம் ஃபார்மட் என்பார்கள். சாதாரண நல்ல கேமராவுக்குள் ஒளியை வாங்கிக்கொள்கிற சென்சார் தபால்தலை அளவு இருக்கும். இதற்குள் தீப்பெட்டி அளவு. அந்த வித்தியாசத்துக்குத்தான் பத்து மடங்கு விலை. ஒரு மோதிரத்தை இதில் படமெடுத்து நாலு மாடிக் கட்டடத்தின் மேல் மாட்டினாலும், கல்லின் ஒவ்வொரு பட்டையும் தனித்தனியாக மின்னும். தெருவின் கிழக்குப் பக்கத்தில் இதை விற்றவருக்குத் தெரு வைத்த பெயர் பெரியவிலை. அவர் கடையில் கை வைத்த நாற்காலி ஒன்று உண்டு. விலை கேட்கிறவர்களை முதலில் அதில் உட்கார வைத்துவிட்டுத்தான் விலை சொல்வார். நின்றுகொண்டு கேட்ட ஒருவர் ஒருமுறை ட்ரைபாட்களின் மேல் சாய்ந்து, மூன்று ட்ரைபாட் உடைந்துபோனதிலிருந்து இந்த ஏற்பாடு. வருடத்துக்கு ஒரு கேமரா விற்கும். அன்றைக்குத் தெரு முழுக்க அவர் செலவில் டீ.

பெரியவிலையின் மனைவி நகை விளம்பரங்களுக்குப் படமெடுக்கிறவள். அவளைத் தெரு படக்காரி என்று கூப்பிட்டது. அவளிடம் சொந்தமாகப் பெரிய கேமரா கிடையாது; வேண்டும்போதெல்லாம் புருஷன் கடையில் நாள் வாடகைக்கு எடுப்பாள். ஆமாம், வாடகைதான். வீடு வேறு, கடை வேறு என்பது அவர் கொள்கை. குடும்பச் சலுகை என்று பத்தில் ஒரு பங்கு தள்ளிக் கொடுப்பார். கொடுத்துவிட்டு, தன் பெருந்தன்மையைத் தானே மெச்சிக்கொள்வதுபோல் மீசையைத் தடவுவார். ஒரு காலையில் அவள் விளக்குகளையெல்லாம் வண்டியில் ஏற்றிவிட்டுக் கேமராவுக்காகக் கடைக்கு வந்தாள். கேமரா இல்லை. வருடத்துக்கு ஒன்று விற்கிற அந்தக் கேமரா சரியாக அரை மணி நேரத்துக்கு முன்னால் விற்றுப்போயிருந்தது. பெரியவிலைக்கு வாயெல்லாம் பல். அவள் கையிலும் ஒரு டீயைக் கொடுத்தார். நகைக்கடைக்காரர் சாயங்காலம் வரை காத்திருந்துவிட்டு, அடுத்த மழைக்காலம் தொடங்குவதற்குள் சொந்தக் கேமராவோடு வந்தால் வருடம் முழுவதற்கும் வேலை அவளுக்கு, வராவிட்டால் வேறு ஆளுக்கு என்று சொல்லி அனுப்பினார். அன்றிலிருந்து அவள் ஒரு டப்பாவில் பணம் சேர்க்கத் தொடங்கினாள். அவள் சேர்த்த வேகத்தில், கேமராவின் விலை அசையாமல் நின்றால்கூட ஒன்பது வருடம் ஆகும்.

அவளுடைய தம்பி மாமா கடையிலேயே எட்டு வருடம் லென்ஸ் துடைத்தவன். அந்தச் சமயத்தில்தான் வேறொரு கம்பெனி அதே தீப்பெட்டி சென்சாரை உள்ளே வைத்து, கனத்தில் பாதி, விலையில் மூன்றில் ஒரு பங்கு என்று ஒரு கேமராவைக் கொண்டுவந்தது. தம்பி அதை எடுத்துவந்து மாமாவின் முன்னால் வைத்தான். பெரியவிலை உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தார்.

“ரொம்ப லேசா இருக்கே மாப்பிள்ளை. இவ்வளவு லேசான சாமானுக்கு நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு விலை சொல்றது? நாற்காலியே தேவைப்படாதே.”

“அதுதான் மாமா நல்லதே. நின்னுக்கிட்டே வாங்கிட்டுப் போவாங்க.”

“நின்னுக்கிட்டு வாங்குறதுக்கு இது என்ன பஸ் டிக்கெட்டா?”

தம்பி போய், எதிர்வரிசையில் மூடிக் கிடந்த செருப்புக் கடையை எடுத்தான். வெள்ளையடித்து, புதுக் கம்பெனியின் பலகையை மாட்டி, வாசலில் விலையைப் பெரிய எழுத்தில் தொங்கவிட்டான். பழைய கம்பெனிக்காரர்களுக்கு விலையை வாசலில் தொங்கவிடுவது, உள்சட்டையை வாசலில் காயப்போடுவதுபோல. தெரு அவனுக்குத் தள்ளுபடி என்று பெயர் வைத்தது. விலையைத் தொங்கவிட்ட அன்றே அவன் கடை ஒரு முழம் முன்னால் வந்திருந்தது. முதலில் கவனித்தவர் நடைபாதையில் குடை ரிப்பேர் செய்கிறவர். அவர் பெட்டியை ஒரு முழம் தள்ளி வைத்துக்கொண்டார்.

அடுத்த வாரம் பெரியவிலையின் கம்பெனி, வாழ்க்கையில் முதல் முறையாக, விலையைக் குறைத்தது. குறைப்பு என்று சொல்ல வெட்கப்பட்டு ‘மறுசீரமைப்பு’ என்று எழுதி அனுப்பியிருந்தார்கள். பெயரை மாற்றினால் சுவர் ஏமாறுமா? கிழக்குக் கடை இரண்டு முழம் நகர்ந்தது. தள்ளுபடி ஒரு பை இலவசம் என்றான்; மேற்குக் கடை ஒரு சாண் வந்தது. பழைய மாடலுக்குப் பாதி விலை என்றார் மாமா; ஒரே நாளில் நாலு அடி. நடைபாதை முதலில் போனது, பிறகு சாக்கடை மூடிகள் போயின. விளக்குக் கம்பம் ஒன்று பெரியவிலையின் கடைக்குள்ளேயே வந்துவிட்டது. அவர் அதில் கேமராப் பட்டைகளைத் தொங்கவிட்டுக்கொண்டார், ராத்திரி மின்சாரச் செலவும் மிச்சம். நகராட்சி சர்வேயர் நாடாவோடு வந்து இரண்டு நாள் அளந்தார். ஆக்கிரமிப்பு என்று எழுதலாம் என்றால் சுவரில் கீறல்கூட இல்லை, அஸ்திவாரம் பழைய அஸ்திவாரம், பத்திரத்தில் உள்ள அளவும் சரியாக இருந்தது. கடைசியில் ‘சந்தை நிலவரம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, பாதி விலைக்கு ஒரு ட்ரைபாட் வாங்கிக்கொண்டு போனார்.

தெரு அகலமாக இருந்தபோது மாமாவும் மாப்பிள்ளையும் ஒருவரையொருவர் கத்தித்தான் வைய வேண்டியிருந்தது. பதினைந்து அடி ஆனதும் சாதாரணக் குரலே போதுமானதாயிற்று. வாடிக்கையாளர் இல்லாத மத்தியானங்களில் இரண்டு பேரும் கல்லாவில் உட்கார்ந்தபடியே பேசிக்கொள்வார்கள்.

“மாமா, உங்க கேமராவைத் தொடக் கையுறை மாட்டிக்கிறீங்களே, அதுக்கு ஸ்வெட்டரும் பின்னியாச்சா?”

“உன் கேமரா காத்துல பறந்துடாம இருக்கக் கல்லு கட்டி வெச்சிருக்கியா மாப்பிள்ளை?”

படக்காரி இரண்டு கடைக்கும் மத்தியானச் சாப்பாடு கொண்டுபோகிறவள். தெரு சுருங்கச் சுருங்க அவள் நடை குறைந்தது, டப்பாவில் இருந்த பணத்துக்கும் விலைக்கும் இருந்த தூரமும் குறைந்தது. இரண்டு பேரும் சண்டை போட்டு ஆளை ஆள் அழித்துவிடப் போகிறார்களே என்று அக்கம்பக்கத்தார் அவளிடம் வருத்தப்பட்டபோதெல்லாம் அவள் தலையை மட்டும் ஆட்டினாள். மனதுக்குள், இன்னும் கொஞ்சம் போடுங்கப்பா என்றுதான் நினைத்தாள். அவளைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. மோதிரத்தை நெருங்கி எடுக்க மேக்ரோ லென்ஸ் வேண்டும். தம்பியின் கம்பெனி மேக்ரோ லென்ஸைச் செய்யவே இல்லை. “அடுத்த மாசம் வந்துரும்க்கா” என்று அவன் சொல்லத் தொடங்கி எத்தனையோ அடுத்த மாசங்கள் போய்விட்டன. புருஷன் கடையில் அந்த லென்ஸ் பொக்கிஷம்போல இருந்தது. ஆனால் அவருடைய கேமரா உடம்பு, அவர் வாங்கிய விலைக்கே கொடுத்தாலும், அவள் டப்பாவைப்போல் மூன்று டப்பா கேட்டது. உடம்பைத் தம்பியிடமும், அதன் கண்ணான லென்ஸைப் புருஷனிடமும் வாங்கி, நடுவில் ஒரு வளையம் போட்டுப் பொருத்திக்கொள்வதுதான் வழி. அந்த வளையத்தைக் கடைந்து கொடுக்க முனைக்கடை லேத்துக்காரர் தயாராக இருந்தார். மற்ற இரண்டு பேரும் தயாராக இல்லை. எங்கள் உடம்பு வாங்காதவர்களுக்குக் கண் விற்பதில்லை என்றார் பெரியவிலை. உடம்பை நான் கொடுத்து, படம் நன்றாக வந்தால் பேரை அவர் வாங்கவா என்றான் தள்ளுபடி. முழு செட்டையும் என்னிடமே வாங்கு, தவணை தருகிறேன் என்று இரண்டு பேரும் தனித்தனியாக அவளிடம் கெஞ்சினார்கள். ஒருவரிடம் வாங்கினால் மற்றவர் முகத்தில் எப்படி விழிப்பது?

தெரு ஒன்பது அடிக்கு வந்தபோது இரண்டு கடைப் பலகைகளும் மேலே முட்டிக்கொண்டன. அன்றைக்கே இரண்டு பேரும் பயந்துபோய் விலை குறைப்பதை நிறுத்தினார்கள். இன்னும் கொஞ்சம் போனால் கண்ணாடி உடைந்துவிடும், உள்ளே இருப்பதெல்லாம் லென்ஸ். தம்பியின் உடம்பும் புருஷனின் கண்ணும் சேர்ந்த விலை அப்படியே நின்றது, டப்பாவுக்குக் கொஞ்சம் மேலே, எட்டுகிற மாதிரியும் எட்டாத மாதிரியும். வானம் இருட்டிக்கொண்டு வந்தது. நகைக்கடைக்காரர் நாளைக்குள் பதில் வேண்டும் என்று ஆள் அனுப்பினார்.

அன்று மத்தியானம் படக்காரி சாப்பாடு கொண்டுவரவில்லை. வெறுங்கையோடு வந்து தெரு நடுவில் நின்றாள்.

“நல்லாக் கேட்டுக்குங்க ரெண்டு பேரும். உடம்பு அவன்கிட்ட, கண் உங்ககிட்ட. வெலையச் சொல்லுங்க.”

“அதான் சொன்னேனே, கம்பெனி ரூல்…” என்று ஆரம்பித்தார் பெரியவிலை.

“அக்கா, இன்னும் குறைச்சா கடை மோதிரும்க்கா.”

“சரி. பக்கத்து ஊர்ல மூணாவதா ஒரு கம்பெனி வந்திருக்காம். அங்க உடம்பும் கண்ணும் ஒரே கடையில. நாலு மணி பஸ்ஸுக்கு நான் போறேன்.”

மூன்றாவது கம்பெனி என்ற வார்த்தையைக் கேட்டதும் இரண்டு முகமும் சுண்டிப்போயின. வெளியாள் கேமரா வீட்டுக்குள் வருவதா! சாப்பாட்டு மேஜையில் வந்து உட்காருவதா! பெரியவிலை எழுந்து நின்று, பணமே வேண்டாம், சும்மா எடுத்துக்கொள் என்றார். நானும் சும்மாத்தான் தருகிறேன் என்று கத்தினான் தம்பி. இரண்டு கடையும் ஒருமுறை உறுமின.

“சும்மா வேணாம்! சும்மா குடுத்தா கடைக்குள்ள கடை பூந்துரும். நீங்க என்ன குடுத்து வாங்கினீங்களோ அதைச் சொல்லுங்க, போதும்.”

சொல்லிவிட்டு அவள் இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரித்து, உள்ளங்கைகளைக் காட்டிக்கொண்டு நின்றாள். தெருக்காரர்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். நகர்ந்து வந்துரும்மா என்று குடைக்காரர் கெஞ்சினார். அவள் அசையவில்லை. வியாபாரி ஒருவன் தான் வாங்கிய விலையை வாய்விட்டுச் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியாததல்ல. பெரியவிலை முதலில் அந்தக் கை வைத்த நாற்காலியில் தானே போய் உட்கார்ந்துகொண்டார், அப்புறம்தான் சொன்னார். தள்ளுபடி நின்றுகொண்டே சொன்னான். இரண்டு விலையும் ஒன்றாகக் காற்றில் கலந்தன. கிழக்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் கடைகள் வழுக்கிக்கொண்டு வந்தன, மேஜை டிராயர் மூடுகிற சத்தம்தான் கேட்டது. மேலே பலகைகள் இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து, எந்தக் கடை யாருடையது என்று படிக்க முடியாமல் போயின. இரண்டு பக்கக் கண்ணாடியும் அவளுடைய உள்ளங்கைகளைத் தொட்டன. தொட்ட இடத்திலேயே நின்றன. டப்பாவில் இருந்த பணம் உடம்புக்கும் கண்ணுக்கும் சரியாக இருந்தது, வளையத்தை லேத்துக்காரர் கடனாகக் கொடுத்தார்.

அவள் மறுநாள் கேமராவோடு நகைக்கடைக்குப் போனாள். வருட வேலை கிடைத்தது. இரண்டு கம்பெனிகளும் அந்த வளையத்தைக் கேள்விப்பட்டுக் கொஞ்ச நாள் கோபமாக இருந்தன. பிறகு ஆளுக்கொரு வளையம் செய்து லேத்துக்காரரைப்போல் பத்து மடங்கு விலைக்கு விற்றன. லேத்துக்காரர் தன் விலையை இன்னும் குறைத்தார், முனைக்கடை ஓர் அடி முன்னால் வந்தது. ஊரிலிருந்தும் வெளியூரிலிருந்தும் படமெடுக்கிறவர்கள் வந்து, ஒரு கல்லாவில் உடம்பையும் திரும்பி நின்று எதிர்க் கல்லாவில் கண்ணையும் வாங்கிப் போனார்கள். மூன்றாவது கம்பெனியின் ஆள் ஒருவர் கடை பிடிக்க வந்தார். தெருவை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை பக்கவாட்டில் நடந்து பார்த்துவிட்டு, தொப்பியை எடுத்து வணக்கம் சொல்லி, வந்த வழியே போய்விட்டார். அதற்குப் பிறகு இரண்டு கடையிலும் விலை ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. மாமாவும் மாப்பிள்ளையும் இப்போது வைதுகொள்ள வாயைத் திறக்கவே வேண்டியதில்லை, முழங்கையால் இடித்துக்கொள்கிறார்கள்.

அந்த ஐந்தடி இடுக்கில் மேலேயிருந்து விழுகிற வெளிச்சம் நகைக்கு அத்தனை பொருத்தமாக இருந்ததால், படக்காரி வேறெங்கும் ஸ்டுடியோ தேடவில்லை. தெரு நடுவிலேயே ஒரு சின்ன மேஜையைப் போட்டாள். பெரிய கேமரா பொல்லாதது. பக்கத்தில் ஒருவர் தும்மினாலும் கல்லின் விளிம்பு கலங்கிவிடும். அதனால் அவள் குனிந்து கண்ணை வைத்ததும் பால்காரர் சைக்கிளை நிறுத்துவார், கைக்குழந்தைக்காரிகள் குழந்தையின் வாயில் விரலை வைப்பார்கள், மூட்டைக்காரர் தலையில் மூட்டையோடு ஒற்றைக் காலில் நிற்பார், மாமாவும் மாப்பிள்ளையும் முழங்கையைப் பாதி இடியிலேயே நிறுத்திக்கொண்டு மூச்சடக்குவார்கள். கிளிக் என்று கேட்கும். “ஆச்சு, போங்க” என்பாள். தெரு போகும்.