கறிக்கடை ஈக்கள்

“அசையாதே” என்றார் அப்பா.

மகள் பால் தம்ளரோடு வாசற்படியிலேயே நின்றாள். அவள் தோளுக்கு அருகே, கதவு நிலையில் ஓர் ஈ. அப்பா ஈ அடிக்கும் மட்டையைப் பின்னுக்கு இழுத்து ஓங்கி அடித்தார். ஈ விழுந்தது. பால் தளும்பி அவள் விரல்களில் வழிந்தது.

“எல்லாம் கறிக்கடை ஈ. பின்னாடி கழிவுப் பீப்பாயைத் திறந்து போட்டுர்றான். கேக்க ஆளில்லைன்னு நினைச்சுட்டான்.”

முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர். தெருவில் அவருக்குப் பெயர் ‘ஹாரன்’. அவர் ரகசியம் பேசினாலும் நாலு வீட்டுக்குக் கேட்கும். இப்போதும் கேட்டிருக்கும். பின் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் கறிக்கடைக்காரரின் கத்தி ஒரு நொடி நின்றுவிட்டு மறுபடி விழத் தொடங்கியது.

கட்டிலில் கொசுவலைக்குள் அம்மா கண்ணை மூடிக் கிடந்தாள். செருப்புக் கடித்த புண்தான். சர்க்கரை உடம்பில் அது ஆறவே இல்லை. பாதம் கறுத்தது. முழங்காலோடு எடுத்துவிட வேண்டும் என்றார் டாக்டர். “போறப்ப முழுசாப் போறேன், விடுங்க” என்று அம்மா கையெழுத்துப் போட மறுத்துவிட்டாள். பிறகு காய்ச்சல் இறங்கவே இல்லை. ஆஸ்பத்திரியில், வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். மருந்துக்கடையில் வேலை பார்க்கும் மகளுக்கு அதன் அர்த்தம் புரிந்தது. அப்பா வேறு மாதிரி எடுத்துக்கொண்டார். “தேறாத ஆளை யாராவது வீட்டுக்கு அனுப்புவானா?” என்று பார்க்க வந்தவர்களிடமெல்லாம் கேட்டார்.

அவள் தம்ளரை வைத்துவிட்டு வலையைப் பார்த்தாள். தலைமாட்டில் ஓர் ஈ கூட இல்லை. கால்மாட்டில் மட்டும், வலையின் வெளிப்புறம், கை அகலத்துக்குக் கறுப்பாக அப்பியிருந்தன. மட்டையால் அடித்தால் வலை உள்வாங்கியது. அவை எழுந்து ஒரு சுற்றுச் சுற்றி அதே இடத்தில் வந்து உட்கார்ந்தன. அப்பா அந்தப் பக்கம் இரண்டு தரம் பார்த்தார். பார்த்துவிட்டு ஜன்னல் ஈக்களை அடிக்கப் போனார்.

“பாப்பா” என்றாள் அம்மா, கண்ணைத் திறக்காமல். “எல்லாரும் பேப்பரையெல்லாம் போன்லயே அனுப்பிக்க ஆரம்பிச்சதும் நான் ஜெராக்ஸ் கடையில உக்காந்து ஈதான் ஓட்டினேன். அப்பல்லாம் உங்கப்பா எப்படிச் சிரிப்பாரு. இப்ப பாரு, யாரு ஓட்டுறான்னு.”

மகள் சிரித்தாள். அப்பா சிரிக்கவில்லை. மட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு விறுவிறுவென்று வெளியே போனார். கொஞ்ச நேரத்தில் கறிக்கடைக்காரரைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து அறை நடுவில் நிறுத்தினார்.

“பாரு. நல்லாப் பாரு. சீக்காளி இருக்கிற வீடு. உன் கடைக் குப்பையால என்ன பாடு படுறோம்னு பாரு.”

கறிக்கடைக்காரர் வாயைத் திறந்தார். அவர் பதிலுக்குக் கத்தப்போகிறார் என்று மகள் நினைத்தாள். பீப்பாய் மூடித்தான் இருந்தது, காலையில் அவளே எட்டிப் பார்த்திருந்தாள். ஆனால் அவர் மூச்சை உள்ளே இழுத்தவர் அப்படியே நின்றுவிட்டார். அவர் கண் கால்மாட்டு வலைக்குப் போனது. அங்கிருந்து அப்பாவின் முகத்துக்கு வந்தது.

“என் மேலதான் தப்பு அண்ணே. இப்பவே கழுவி விட்டுர்றேன்” என்றார்.

வாசலில் செருப்பை மாட்டும்போது மெதுவாக மகளிடம் கேட்டார்: “டாக்டர் வர்றாராம்மா?”

“இல்லண்ணே.”

“சரிம்மா. ஒரு குரல் குடு. எப்ப வேணாலும்.”

சற்று நேரத்தில் பின்பக்கம் தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது. பீப்பாயை உருட்டிக்கொண்டு போனார்கள். வியாபாரம் சூடு பிடிக்கிற நேரத்தில் கடை ஷட்டர் இறங்கியது.

“பாத்தியா? ஒரு சத்தம் போட்டாப் போதும்” என்றார் அப்பா. நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். கடைக்குப் பின்னால் கழுவிய தரை காய்ந்தது. கத்திச் சத்தம் நின்றுபோன வீட்டில் ஈக்களின் இரைச்சல் மட்டும் தனியாகக் கேட்டது. ஒன்று கூடக் குறையவில்லை. எங்கிருந்தோ இன்னும் வந்தன.

அப்பா மூடிய ஷட்டரைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு கையிலிருந்த மட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இது நைஞ்சு போச்சு. புதுசு வாங்கிட்டு வந்துர்றேன்.”

“அப்பா, இப்ப போக வேணாமே.”

“பக்கத்துலதான். இந்தா வந்துட்டேன்.”

அவர் காலடி ஓசை அடங்கியதும் அம்மா கண்ணைத் திறந்தாள். “போயிட்டாரா?”

“மட்டை வாங்க.”

“அவருக்குத் தெரியும்டி. நீயா எதுவும் சொல்லி வைக்காதே.” கொஞ்சம் நிறுத்தி மூச்சு வாங்கினாள். “உள்ள வா.”

மகள் வலையைத் தூக்கி உள்ளே நுழைந்து, அம்மாவின் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். அவளோடு ஓர் ஈயும் உள்ளே வந்துவிட்டது.

“ரொம்ப இரைச்சலா இருக்கு” என்றாள் அம்மா.

“ஃபேனைக் கூட்டட்டுமா?”

“வேணாம். குளிருது.”

மகள் போர்வையை இழுத்துவிட்டாள். அம்மாவின் முகத்துக்கு மேலே உள்ளங்கையை விசிறி போல ஆட்டிக்கொண்டே இருந்தாள். ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவே இடைவெளி நீண்டது. ஒரு முறை, வராதோ என்று நினைத்தாள். வந்தது. இன்னொரு முறை காத்திருந்தாள். ஆட்டிய கை தானாக நின்றது. ஈ அவள் மணிக்கட்டில் வந்து உட்கார்ந்து நடந்தது. அவள் அதை உதறவில்லை.

அப்பா மூன்று மட்டைகளோடு வந்தார். சிவப்பு, பச்சை, மஞ்சள். “ஒண்ணு உனக்கு, ஒண்ணு எனக்கு. இது அவளுக்கு. எந்திரிச்சு உக்காந்தா சும்மாதானே இருப்பா, அவளும் நாலு அடிக்கட்டும்.”

“அப்பா.”

“தூங்குறாளா?”

“இல்லப்பா.”

அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் வரவில்லை. மூன்று மட்டைகளையும் மேசை மேல் வரிசையாக வைத்தார். ஒன்று கோணலாக இருந்தது, அதை நேராக்கினார். நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். மகள் ஒரு சத்தத்துக்காகக் காத்திருந்தாள். வரவில்லை.

மகள் குரல் கொடுத்ததும் முதலில் வந்தவர் கறிக்கடைக்காரர்தான். குளித்து, வேறு சட்டை போட்டிருந்தார். அவரே நாலு பேருக்குச் சொல்லியிருக்க வேண்டும். தெருக்காரர்கள், பஸ் டிப்போ ஆட்கள், அம்மாவிடம் ஜெராக்ஸ் எடுத்த பிள்ளைகள் என்று வாசலில் கூட்டம் சேர்ந்தது.

அப்பா வாசல் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். ஓர் ஆள் நுழையும் அளவுக்குத் திறந்தார். “சீக்கிரம் வாங்க, சீக்கிரம்” என்றார். உள்ளே வந்ததும் சாத்தித் தாழ் போட்டார். மறுபடி அடுத்தவருக்குத் திறந்தார். அறை புழுங்கியது. ஓர் அம்மாள் முந்தானையால் மூக்கைத் துடைப்பது போல மூடிக்கொண்டாள்.

“அண்ணே, கதவு திறந்தே இருக்கட்டும். கொஞ்சம் காத்து வரட்டும்” என்றார் டிப்போக்காரர் ஒருவர்.

“உள்ள வந்துரும்” என்றார் அப்பா. குரல் பக்கத்தில் நின்றவருக்கு மட்டுமே கேட்டது.

எது என்று யாரும் கேட்கவில்லை. வெளியே யாரோ மெதுவாகத் தட்டினார்கள். அப்பா தாழை நீக்கினார்.