குறுக்கே விழுந்த இரு கோல்கள்

பனிக்காலத்தின் கடைக்கூறில், சாவே ஆறு தன் மணலையெல்லாம் வெளியே காட்டிக்கொண்டு ஓரமாய் ஒதுங்கி ஓட, கரையெங்கும் இலையுதிர்த்த பெருக்கமரங்கள் பருத்த அடியும் மெலிந்த கிளையுமாய் நின்றிருக்க, வெயில் சாயத் தொடங்கிய ஒரு பிற்பகலில், நாற்றிசை ஊர்களிலிருந்தும் திரண்டு வந்த வெள்ளுடை மாந்தர் அந்தச் சமவெளியை நிறைத்திருந்தனர். செருப்பையும் கைப்பேசியையும் மூட்டைக்குள் முடிந்துவைத்துவிட்டு, ஆண்கள் மழித்த தலையோடும் பெண்கள் முக்காட்டோடும் வெறுங்காலில் வரிசை பிடித்து நின்ற அக்காட்சி, தொலைவிலிருந்து காண்போர்க்கு அழகாகத்தான் இருந்திருக்கும். வரிசைக்குள் நின்ற நாங்களோ முன்னே நகரவே அஞ்சிக்கொண்டிருந்தோம். அன்று எங்கள் திருக்கூட்டத்தின் ஆண்டு விருந்து. திருவப்பம் பிட்கப்படும் திடலுக்குள் நுழைய வேண்டுமானால் வாயிலைக் கடந்தாக வேண்டும்.

வாயில் என்றவுடன் மதிலையும் கதவையும் எண்ணிவிட வேண்டா. ஒரு வழி, அதன் முகப்பில் அணையாது எரியும் ஒரு தீ, வழியின் இருமருங்கும் கோலேந்திய இரு காவலர், அவ்வளவுதான். மாந்தர் நெஞ்சில் ஒளித்து வைத்திருக்கும் தீவினை தூய ஆவியின் அருளால் அவ்விருவர் கண்ணுக்கும் புலப்படும் என்பது எங்கள் நம்பிக்கை. குற்றம் கண்டவர் தம் கோலைக் குறுக்கே நீட்டுவார். எதிரில் நிற்பவரும் அதையே கண்டு தம் கோலை நீட்டி, இரண்டும் முட்டினால்தான் வழி அடைபடும். அடைபட்டவர் தீயருகே அமர்ந்து தம் குற்றத்தை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கதிரவன் மறைவதற்குள் சொல்லாதவர் ஓராண்டுக் காலம் திருக்கூட்டத்துக்குப் புறம்பானவர். அவர் ஒரு வீட்டு மருமகளாயிருந்தால் பிறந்தகம் போய்ச் சேர வேண்டியதுதான்.

அன்று இடப்புறம் காவல் நின்றவள் முச்சநேத்தா. அவள் பார்வைக்கு அஞ்சாதவர் எங்கள் ஊர்ப்பக்கம் இல்லை. திருடிய ஆட்டை மறந்தே போயிருந்தவனுக்கும் அவள் முன் வந்ததும் அது நினைவு வந்துவிடும். ஆனால் அந்த ஓராண்டாக அவள் உள்ளம் வேறிடத்தில் குடியிருந்ததை யாரும் அறியோம். ஜோகன்னஸ்பர்க்கில் உழைக்கும் மகன் அனுப்பிய பொருளால் சாலையோரம் ஒரு வீட்டை எழுப்பத் தொடங்கியவள், வைகறையில் மண்டியிடும்போது சன்னலின் அகலத்தை எண்ணினாள். நோன்பிருக்கும்போது அண்டைவீட்டின் மின்னும் கூரையை எண்ணி வெந்தாள். தொடக்கத்தில் வேண்டுதலைச் சுருக்கினாள், பிறகு தள்ளிப்போட்டாள், பிறகு அது தள்ளிப்போனதையும் மறந்தாள். களவோ கொலையோ செய்தவளாயிருந்தால் அவளுக்கே உறுத்தியிருக்கும். வீடு கட்டுவது குற்றமா என்ன? அதனால்தான் அவள் விழித்துக்கொள்ளவேயில்லை.

அந்த வீடும் கூரையின்றி நின்றது. மருமகள் விம்பாய், "முதல்ல ஒரு கிணறு வெட்டலாம், ஆத்துல குழி தோண்டித் தண்ணி மொண்டு இடுப்பு போச்சு" என்று கணவனிடம் சொல்ல, அவனும் ஒப்புக்கொண்டு கூரைக்கு வைத்த பணத்தைக் கிணற்றுக்குத் திருப்பிவிட்டான். அன்றுமுதல் முச்சநேத்தா மருமகளிடம் முகம்கொடுத்துப் பேசவில்லை.

இவ்வாறு வந்து நின்றவளுக்கு அன்று காலைமுதல் ஒன்றுமே புலப்படவில்லை. முகங்கள் வந்தன, போயின. எல்லாம் வெறும் முகங்களாகவே இருந்தன. வியர்வையும் அச்சமும் தெரிந்தன. அவற்றுக்கு அப்பால் ஏதும் தெரியவில்லை. இன்னும் சற்றுப் பொறுத்தால் தெரியும் என்று முதலில் தேற்றிக்கொண்டவள், உச்சிப்பொழுது கடந்தபின் உள்ளுக்குள் நடுங்கத் தொடங்கினாள். உள்ளே இருந்த ஆவியானவர் எப்போது எழுந்து போனார்? போகும் ஓசைகூடக் கேட்கவில்லையே! அந்நடுக்கத்தோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. ஒருவரையும் தடுக்காமல் இப்படி விட்டுக்கொண்டே இருந்தால் கூட்டம் என்ன நினைக்கும்?

அந்த வேளையில்தான் குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு விம்பாய் தீயருகே வந்தாள். முச்சநேத்தாவின் கை தானே நீண்டது. வலப்புறக் காவலரான சிக்கோவோ என்பவர் மறுத்துவிடுவார், கோலை இழுத்துக்கொள்ளலாம் என்று அவள் எண்ணி முடிப்பதற்குள், அவருடைய கோல் 'டக்' என்று வந்து முட்டியது.

"அத்தை! என்ன இது? நான் என்ன பண்ணேன்?"

"உள்ளதைச் சொல்லு" என்றாள் முச்சநேத்தா. அவள் குரல் அவளுக்கே அயலாய்க் கேட்டது.

கூட்டத்துக்குச் சொல்லியா கொடுக்க வேண்டும்? எனக்குப் பக்கத்தில் பெண்கள் வரிசையில் உடனே தொடங்கிவிட்டார்கள்.

"புருசன் அங்க கெடக்கான். இவ இங்க யாரு பாக்கன்னு முக்காட்டுக்குப் புதுத் துணி எடுத்தா?"

"வாயை மூடுடி. அடுத்து உன் முறை வரப்போவுது, அப்பத் தெரியும் உன் சங்கதி."

மூப்பர் மஜோனி வந்து விம்பாயைத் தீயருகே அமர்த்தினார். கெட்டவர் அல்லர், அந்த மென்மைதான் அச்சுறுத்தியது. "ரெண்டு கோலும் பொய் சொல்லாதும்மா. மனசுல இருக்கிறதை எறக்கி வச்சுடு" என்று அவர் திரும்பத் திரும்பக் கேட்க, விம்பாய் தன்னிடம் இருந்த குற்றங்களையெல்லாம் ஒவ்வொன்றாய் எடுத்து வைத்தாள். மாமியார்மேல் கோபம் கொண்டது, பாடும்போது தூங்கியது, பக்கத்து வீட்டுச் சோளத்தில் நான்கு கதிர் ஒடித்தது. ஒவ்வொன்றுக்கும் மூப்பர் காவலரை நோக்க, சிக்கோவோ தலையை ஆட்டினார், இதுவன்று என்று. வெயில் மஞ்சளாகியது. குழந்தை பசித்து வீரிட்டது.

அந்தத் தலையாட்டலைப் பார்க்கப் பார்க்க முச்சநேத்தாவுக்கு ஐயம் தட்டியது. தான் நீட்டியது வெறும் மனக்கசப்பினால். விம்பாயிடம் காண ஒன்றுமில்லை என்பது நாள்தோறும் அவளைப் பார்க்கும் தனக்குத் தெரியும். அப்படியானால் இந்த மனிதர் எதைக் கண்டு கோலை நீட்டினார்? எதைக் கண்டு தலையாட்டுகிறார்? வினா எழுந்த கணமே விடையும் எழுந்தது. தன்னுள் மட்டுமன்று, எதிர்ப்புறத்திலும் இருட்டுதான். இவ்வாயிலில் காவலே இல்லை. இதையெல்லாம் பின்னாளில் அவளே எங்களிடம் சொன்னாள்.

உண்மையைச் சொன்னால் கோலும் போம், பேரும் போம். சொல்லாவிட்டால் இந்தப் பெண் போவாள். முச்சநேத்தா கோலை இறுகப் பற்றிக்கொண்டு நின்றாள்; ஞாயிறு மரக்கிளைக்குள் இறங்கியது.

விம்பாய் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஐயா, சொல்லிட்டா உள்ள விட்டுடுவீங்களா? எம் புருசனுக்குச் சொல்லி அனுப்ப மாட்டீங்களே?"

"உண்மையைச் சொன்னா விட்டுடுவோம்மா."

"என்ன சொல்லணும்னு நீங்களே சொல்லிக் குடுங்க. அப்படியே சொல்லிடறேன்."

"நாங்க சொல்லக் கூடாது. வீட்டுக்கு வந்துபோன ஆள் யாருன்னு சொல்லு."

அப்போது அவள் கண்கள் ஒரு பெயரைத் தேடி அங்குமிங்கும் அலைந்ததைக் கண்டேன். அதைப்போல் நெஞ்சை உலுக்கிய காட்சியை நான் கண்டதில்லை. அவள் வாழ்நாளில் வீட்டு வாசலுக்கு வந்த அயல் ஆடவன் எத்தனை பேர்?

"கிணத்துக்கு எடம் பாக்க ஒருத்தர் வந்தாரு. அவருதான்னு..."

"சொல்லாதடி!"

முச்சநேத்தா கோலைத் தரையில் போட்டுவிட்டு ஓடிவந்து மருமகளின் வாயைக் கையால் பொத்தினாள். "ஐயா, நான் ஒண்ணும் பாக்கல. இவகிட்ட மட்டும் இல்ல, காலையிலேருந்து யாருகிட்டயும் ஒண்ணும் பாக்கல. எங்கண்ணு போயிடுச்சு. கூரையை நெனச்சுக்கிட்டு நின்னேன். இவமேல இருந்த ஆத்திரத்துல நீட்டிட்டேன்."

மூப்பர் மஜோனி மெல்லத் திரும்பினார்.

"சிக்கோவோ, நீயும் நீட்டினியே. நீ என்னத்தைப் பாத்த?"

சிக்கோவோ தம் கோலைத் தரையில் வைத்தார். "அந்தம்மா நீட்டினாங்க. அவங்க ஏதோ பாத்திருப்பாங்கன்னு..."

கடந்த விருந்தில் இதே இடத்தில் அடைபட்டு, அழுது அழுது எதையோ ஒப்புக்கொண்டு, அதைக் கேட்ட கணவனால் பிறந்தகம் அனுப்பப்பட்டவளின் முகம் எங்களில் பலருக்கு ஒரே நேரத்தில் நினைவு வந்தது. திடலுக்குள்ளிருந்தோ, வாயிலைக் கடந்துவிட்டதால் தூயோரானோம் என்று மகிழ்ந்து பாடியோரின் பாட்டு இடையறாது வந்துகொண்டிருந்தது. அந்தப் பாட்டைக் கேட்க எனக்கு உடல் கூசியது.

"எழுந்து உள்ள போம்மா" என்றார் மூப்பர். விம்பாய் எழுந்தாள். மாமியாரையும் பார்க்கவில்லை, மூப்பரையும் பார்க்கவில்லை. குழந்தையின் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு வாயிலுக்குள் தனியே நடந்து போனாள். அவள் அமர்ந்திருந்த இடத்தில் முச்சநேத்தா அமர்ந்து, தீயைப் பார்த்தபடி முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.

"அடுத்து யாருப்பா?" என்றார் மூப்பர் தளர்ந்த குரலில்.

அடுத்து நின்றவன் நான். தடுக்க ஒரு கோலும் இல்லை. உற்று நோக்க ஒரு கண்ணும் இல்லை. ஓரடி வைத்தால் விருந்து. நல்லோரே, அத்தனை ஆண்டுகளும் அக்காவலர் இருவரையும் அஞ்சி வந்த நான், அவர்கள் இல்லாத வாயிலைத்தான் உண்மையாகவே அஞ்சினேன். பிறர் என்னைப் பார்த்துக்கொள்வர் என்று நம்பி, என் நெஞ்சை நான் பார்த்தே நெடுங்காலம் ஆயிருந்தது. பார்க்கலாமென்று அப்போது கண்ணை மூடினேன்; அங்கே என் மாட்டுக்கொட்டிலும், சந்தை விலையும், தம்பியோடு தீராத வழக்கும் முண்டியடித்து நின்றனவேயன்றி, நான் தேடிய ஆவியானவரைக் காணேன். கதிரவன் மறைந்தான், என் கால் எழவில்லை, எனக்குப் பின்னால் அந்த நீண்ட வெள்ளை வரிசையில் ஒருவருடைய காலும் எழவில்லை.