செருப்பு மிஷின் போட்ட கோர்வை

என் மருமகள் சுகாசினி ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் தோல் வெட்டியவள். கம்பெனியை மூடியபோது மற்றவர்கள் சாப்பாட்டு டப்பாவோடு வீட்டுக்கு வந்தார்கள். இவள் தோல் வெட்டுகிற மிஷினோடு வந்தாள். குட்டி யானை வண்டியில் ஏற்றிவந்து ஓரிக்கையில் எங்கள் வீட்டு முன்னறையில் இறக்கினாள். இறக்கிய வேகத்தில் பாலாறு இந்தப் பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்துவிட்டது. திருமுக்கூடலில் மூன்று ஆறுகளும் நின்று திரும்பிப் பார்த்ததாகச் சொன்னார்கள். நான் நேரில் பார்க்கவில்லை. அன்று எனக்குப் பல்வலி.

மிஷினுக்குக் கொசுறாக ஒரு பழைய தையல் மிஷினும் வந்தது. அது நேராகத் தைக்காது. குடித்துவிட்டு நடப்பவனைப்போல இப்படியும் அப்படியுமாக ஜிக்ஜாக் போடும். மூலையில் போட்டு அதன்மேல் என் துண்டைக் காயவைத்திருந்தோம்.

வெட்டும் மிஷினின் வேலை எளிது. பிஸ்கட் அச்சு தெரியுமல்லவா? அதைப்போல ஓர் இரும்பு வளையம், விளிம்பு மட்டும் பிளேடு. அதற்கு டை என்று பெயர். துணியை நாலைந்து மடிப்பாகப் பலகைமேல் போட்டு, டையை வைத்து, இரண்டு கையாலும் இரண்டு பொத்தானை அமுக்கினால், மேலிருந்து ஓர் இரும்புக் கை இறங்கி ‘டப்’பென்று ஒரு முத்தம் கொடுக்கும். எல்லா மடிப்பும் ஒரே அளவில் விழும். ஒருமுறை டைக்கு அடியில் ஒரு கொசு மாட்டிக்கொண்டது. இரண்டு முக்கோணமாகப் பறந்து போனது. அளந்து பார்த்தேன், இரண்டும் சமம்.

இப்படி வெட்டிய துண்டுகளைக் கோலம்போல இணைத்து, அடியில் பஞ்சு வைத்துத் தைத்து, விரிப்பு செய்கிறாள் சுகாசினி. க்வில்ட் என்கிறார்கள். சென்னையிலிருந்து கார் போட்டுக்கொண்டு வந்து வாங்குகிறார்கள். ஆனால் எல்லாம் பருத்தி. பட்டு ஊரில் உட்கார்ந்துகொண்டு பட்டில் ஒன்று செய்ய வேண்டும் என்பது அவள் ஆசை. நெசவுக்காரர்களிடம் கழித்துப்போட்ட துண்டு கேட்டால், “தோலு வெட்டின மிஷினாச்சேமா...” என்று இழுப்பார்கள். மிச்சத்தைச் சொல்லமாட்டார்கள். மிச்சம் எங்களுக்குத் தெரியும்.

அப்படியிருக்க, ஒருநாள் வேணுகோபால் மாஸ்டர் கையில் ஒரு பையோடு எங்கள் வாசலில் வந்து நின்றார். பெரிய கோர்வைக்காரர். பச்சைக் கரையையும் அரக்கு உடம்பையும் தறியிலேயே சேர்த்து நெய்கிற கை. ஊசி கிடையாது, தையல் கிடையாது. அந்த இணைப்புக்குத்தான் கோர்வை என்று பெயர்.

“டீ போடட்டா, ஐயா?” என்றாள் சுகாசினி.

“இப்பதாம்மா குடிச்சேன்.”

எனக்கு அவரை நாற்பது வருடமாகத் தெரியும். எங்கள் தெருவுக்கு வரும்போதெல்லாம் அவர் இப்பதான் குடித்திருப்பார். அந்த வயிற்றில் இதுவரை ஓர் ஏரி அளவுக்கு டீ இருக்க வேண்டும்.

பையிலிருந்து ஒரு புடவையை எடுத்தார். மடிப்பு மடிப்பாக இற்றுப்போயிருந்தது.

“எங்க கல்யாணத்துக்கு என் சம்சாரத்துக்கு நானே நெய்ஞ்சது. சிங்கப்பூர்ல என் பொண்ணு தீபிகா முழுகாம இருக்குது. உன் விரிப்ப போன்ல பாத்துட்டு, அம்மா பொடவையில கொழந்தைக்கு அந்த மாதிரி வேணும்னு ஒரே அழுக. இது ஒண்ணுதாம்மா இருக்குது. இன்னொண்ணு நெய்ய எனக்குக் கண்ணும் இல்ல, கட்டிக்க அவளும் இல்ல.”

சுகாசினி கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள்.

மாஸ்டருக்கு ஒரே நிபந்தனை. புடவைக் கரையில் அவர் நெய்த கோபுரம்தான் விரிப்பிலும் வர வேண்டும். வரிசையாக முக்கோணங்கள், பச்சையும் அரக்குமாக. டையை அவரே வரைந்து, பட்டறையில் அடித்து வாங்கிக்கொண்டு வருவார்.

“தையலுக்குச் சுத்தி கொஞ்சம் எடம் உட்டு வரைங்க, ஐயா.”

“தெரியும்மா, தெரியும்” என்று தலையாட்டினார்.

டை வந்தது. சுகாசினி புடவையின் அடியில் சட்டைக் காலருக்குள் வைக்கிற கேன்வாஸ் துணியை வைத்து இஸ்திரி போட்டு ஒட்டினாள். இற்ற பட்டு அப்போதுதான் பிரியாது. ஒவ்வொரு ‘டப்’புக்கும் மாஸ்டர் வாசலில் நின்றபடியே கண்ணை மூடித் திறந்தார். பச்சைக் கோபுரமும் அரக்குக் கோபுரமும் கூர்கூராக வந்து விழுந்தன. கையால் வெட்ட முடியாத கூர். மாஸ்டரே வாசலிலிருந்து எட்டிப் பார்த்து, “பரவால்லியே” என்றார். அவர் வாயில் அது பட்டாபிஷேகம்.

பிறகு அவள் பச்சையையும் அரக்கையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஓரம் தைத்து விரித்தாள். கோபுரத்தின் உச்சியைக் காணோம். தையலுக்குள் போய்விட்டது. இன்னொரு ஜோடி தைத்தாள். அதுவும் மொட்டை.

“ஐயா, எடம் உடச் சொன்னேனே?”

“எதுக்குமா எடம்? கரையும் ஒடம்பும் சேர்றப்போ எனக்கு ஒரு எழ கொறைஞ்சதில்லியே...” என்று ஆரம்பித்தவர், தானே நிறுத்திக்கொண்டார். தைத்தால் துணி குறையும் என்பது ஊரில் எல்லாருக்கும் தெரியும். சேர்க்கிறதுக்கு வாழ்நாளில் ஊசியைத் தொடாதவருக்குத் தெரியாது. அவள் சொன்னபோது தலை கேட்டது. வரையும்போது கை கேட்கவில்லை.

புடவை முழுவதும் துண்டாகிவிட்டது. திரும்ப வெட்டத் துணி இல்லை.

“எம்பேரன் மொட்டக் கோபுரத்துலயா படுக்கணும்?” என்றார் மாஸ்டர் மெதுவாக.

“பேத்தியா இருந்தா?” என்றேன் நான், ஆறுதலாக.

“மாமா, சும்மா இருங்க” என்றாள் சுகாசினி. தையலைப் பிரித்து, இரண்டு துண்டையும் மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

“ஐயா, தறியில கரைய எப்படி சேப்பீங்க? மேல மேலயா?”

“சீச்சீ. பக்கத்துல பக்கத்துல. இந்தக் கலர் நூலு போயி அந்தக் கலர் நூலக் கட்டிப் புடிச்சிக்கினு திரும்பும்.”

அவள் சிரித்தாள். அப்படியே எழுந்துபோய் மூலையில் ஜிக்ஜாக் மிஷின்மேல் காய்ந்த என் துண்டைத் தூக்கி என் தோளில் எறிந்தாள்.

“ஷூவுல குதிகால் பக்கம் ரெண்டு தோலு சேரும், ஐயா. மேல மேல வெச்சித் தெச்சா கால கடிச்சிடும். அதனால முட்ட வெச்சி, இங்க ஒரு குத்து, அங்க ஒரு குத்து. அடியில துணி புடிச்சிக்கும். இதுக்குன்னே ஒரு மிஷினு.”

எண்ணெய் விட்டாள். குடிகார மிஷின் கனைத்துக்கொண்டு கிளம்பியது. பச்சையின் ஓரமும் அரக்கின் ஓரமும் முட்டிக்கொண்டு நிற்க, ஊசி இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் தாவித் தாவிப் போனது. எடுத்து நீட்டினாள். கோபுரம் உச்சியோடு நின்றது. கலசம் வைக்காததுதான் குறை.

மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, இணைப்பின்மேல் நகத்தை ஓட்டினார். புடவை வாங்குகிறவர்களிடம் அவர் இப்படித்தான் ஓட்டிக் காட்டுவார். நகம் எங்கும் தடுக்கவில்லை. திரும்ப ஓட்டினார்.

“கோர்வ” என்றார். “அடப்பாவிங்களா, செருப்புலயா கோர்வ போட்டுக்கினு இருந்தீங்க? சொல்லவே இல்லியே!”

“நீங்க எங்க, ஐயா, எங்க வீட்டுக்குள்ள வந்தீங்க?” என்றாள் சுகாசினி.

அப்போதுதான் அவர் தன் காலைப் பார்த்தார். எப்போதும் வாசலிலேயே நிற்கிறவர் எப்போது உள்ளே வந்தார் என்று அவருக்கே தெரியவில்லை. மிஷினுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

விரிப்பு முடிகிறவரை தினமும் வந்தார். ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, எந்தப் பச்சைக்குப் பக்கத்தில் எந்த அரக்கு என்று விரலால் காட்டினார். அவள் சில இடத்தில் கேட்டாள், சில இடத்தில், “அது இங்க வராது, ஐயா” என்றாள். அவர் சண்டை போட்டார். தோற்றார். மறுநாளும் வந்தார்.

கடைசித் தையல் விழுந்து விரித்துப் போட்டபோது முன்னறை கோயில் தெரு மாதிரி இருந்தது. என் மருமகள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள். எனக்குப் பெருமையில் இரண்டு சட்டைப் பொத்தான் தெறித்தது. ஒன்று இன்னும் கிடைக்கவில்லை.

மாஸ்டர் மடித்துப் பையில் வைத்தார். கூடவே கொண்டுவந்திருந்த இன்னொரு பையை அவள் பக்கம் தள்ளினார். உள்ளே தறியில் கழித்த பட்டுத் துண்டுகள், கலர் கலராக.

“எங்க தெருவுல சொல்லி வெச்சிருக்கேன். இன்னும் வரும்” என்றார். வாசல்வரை போனவர் நின்றார். தொண்டையைச் செருமினார். “டீ இருக்குதாம்மா?”

“இப்பதானே குடிச்சிருப்பீங்க, ஐயா?” என்றாள் சுகாசினி, முகத்தில் ஒரு சுருக்கம் இல்லாமல். என் வீட்டில் வாழ்ந்து கற்றுக்கொண்டது.

“அது... அது எப்பவோ குடிச்சதுமா. சக்கர கம்மியா போடு.”

ஸ்டூலில் உட்கார்ந்து ஆற அமரக் குடித்தார். அவர் உறிஞ்சிய சத்தம் திருப்புட்குழிவரைக்கும் கேட்டது. இதை மட்டும் நான் நேரில் கேட்டேன்.