காதுமூடி

மறுபடியும் சிவப்புக் கோடு. "பின்னணி இரைச்சல் அதிகம். இந்த வாக்கியத்தை மீண்டும் பதிவு செய்யவும்" என்று திரை பதினோராவது முறையாகச் சொன்னபோது மணி பத்தேகால். மாலை நான்கு மணிக்கு அத்தையை மருத்துவமனையில் சேர்க்க வேண்டும். மறுநாள் காலை அவருடைய குரல்வளையை எடுத்துவிடுவார்கள். அதற்குப் பிறகு அந்தக் குரல் எங்கே தேடினாலும் கிடைக்காது.

அத்தை என்றால் என் மாமியார். ஏழு வருஷமாக ஒரே வீட்டில் இருக்கிறோம். வாய்க்கு வாய் சண்டை போட்டால் யார் ஜெயிப்போம் என்று இன்றுவரை முடிவாகவில்லை. தொண்டையில் கட்டி என்று தெரிந்த அன்று, "கொஞ்சம் முன்னாடியே வந்திருக்கலாமேம்மா" என்று டாக்டர் சொன்னார். ஆட்டோவில் வீடு வரும்வரை நான் அத்தையிடம் கத்தினேன். வலிக்கிறது என்று ஒரு வார்த்தை வீட்டில் சொல்லியிருக்கக் கூடாதா, அப்படியென்ன வீம்பு என்று. அன்றைக்குத்தான் முதல் முறையாக அவர் பதிலுக்கு ஒன்றும் சொல்லவில்லை.

மருத்துவமனையில் பேச்சுப் பயிற்சி தரும் அம்மா ஒரு மைக்கும் ஒரு மென்பொருளும் கொடுத்திருந்தார். அது காட்டும் நூற்றைம்பது வாக்கியங்களை அத்தை வாசித்துப் பதிவு செய்ய வேண்டும். பிறகு அவர் டேப்லெட்டில் எதைத் தட்டினாலும் அது அவர் குரலிலேயே பேசும். இரண்டு வாரம் முன்பே கொடுத்துவிட்டார். "நாளைக்குப் பாத்துக்கலாம்" என்று அத்தை இழுத்தார். எனக்கும் தலைக்கு மேல் வேலை, சரி என்று விட்டேன். இரண்டு பேருமாகச் சேர்ந்து கடைசி நாளில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தோம். போனில் பதிவு செய்தால் அந்த மென்பொருள் ஏற்காது. வீட்டில் இருக்கும் ஒரே கம்ப்யூட்டர் என்னுடையது. இன்னும் கட்டாத வீடுகளைக் கட்டி முடித்ததுபோல் படமாக்கிக் காட்டுவது என் தொழில்.

"உன் பொட்டி கத்துதுன்னு ஒரு வருஷமா சொல்றேன். கேட்டியா நீ?" என்றார் அத்தை. குரல் கரகரத்தது. ஆனாலும் அவர் குரல்தான்.

கேட்கவில்லை என்பது உண்மை. வேலையில் உட்கார்ந்தால் ஹெட்போனை மாட்டிக்கொள்வேன். பாட்டுக் கேட்பதற்கு என்று சொல்லிக்கொள்வேன், ஆனால் பாதி நாள் அதில் பாட்டே ஓடாது. அத்தையின் பேச்சிலிருந்து தப்பிக்கத்தான் மாட்டினேன். அவருக்கும் அது தெரியும். அதனால்தான் எனக்குக் 'காதுமூடி' என்று பெயர் வைத்திருந்தார். பக்கத்து வீட்டாரிடமே, "எங்க காதுமூடி இன்னும் எழுந்திரிக்கல" என்று சொல்லுவார்.

பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினேன். உள்ளே ஐந்து விசிறிகள் சுற்றிக்கொண்டிருந்தன. எது கத்துகிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. செய்தித்தாளைக் குழல்போல் சுருட்டி ஒரு முனையைக் காதில் வைத்து, மறு முனையை ஒவ்வொரு விசிறியிடமும் கொண்டுபோனேன். முதல் மூன்றும் காற்றுச் சத்தம்தான். திரைக்குப் படம் அனுப்பும் கிராபிக்ஸ் கார்டிடம் வந்தபோது குழலுக்குள் 'கிர்ர்ர்' என்று அரைத்தது. கார்டில் இருந்த இரண்டு விசிறிகளில் இடதுபக்கத்துக்காரன். பென்சிலின் அழிப்பான் முனையை அதன் நடுக்குமிழில் மெதுவாக வைத்து ஒரு நொடி நிறுத்தினேன். அரைக்கிற சத்தம் நின்றது. எடுத்ததும் மறுபடி ஆரம்பித்தது.

"கெடச்சிடுச்சு அத்தை!"

"அப்ப அத கழட்டி வெளிய போடு."

"அது இருக்கற கார்ட கழட்டினா ஸ்கிரீன்ல ஒண்ணுமே வராது. சரிதான் பண்ணணும்."

சரி பண்ணுவதற்கு முன் இரைச்சல் எவ்வளவு என்று அளந்து வைத்துக்கொள்ள நினைத்தேன். பதிவுப் பொத்தானை அழுத்திவிட்டு, "எதையாவது பேசிட்டே இருங்க, நான் ஸ்க்ரூ டிரைவர் தேடிட்டு வரேன்" என்று உள்ளே ஓடினேன். சமையலறை இழுப்பறையில் இல்லை. பீரோவிலும் இல்லை. கடைசியில் மிக்ஸிக்குப் பின்னால் கிடந்தது. அதற்குள் என் கணவர் போனில், "ஆச்சா? முடிச்சிட்டீங்களா?" என்றார். வேலை வெளியூரில், சாயங்காலம் நேராக மருத்துவமனைக்கு வருவதாக ஏற்பாடு. "நீங்க போன வச்சாதான் ஆகும்" என்று கத்திவிட்டு வைத்தேன். திரும்பி வந்தபோது அத்தை கைகளை மடியில் வைத்துக்கொண்டு பெட்டியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"பேசினீங்களா?"

"ம்."

திரையில் இருந்த எண்ணை மட்டும் பார்த்தேன். இரைச்சல் அறுபத்தொன்று. நாற்பதுக்குக் கீழே வந்தால்தான் பச்சைக்கோடு. பதிவு எண் பன்னிரண்டு என்று துண்டுத்தாளில் குறித்துக்கொண்டு மின்சாரத்தை நிறுத்தினேன்.

கார்டைக் கழற்றிக் கையில் வாங்கியபோது நன்றாகச் சுட்டது. காலையிலிருந்து சும்மா இருக்கிற கார்டு ஏன் இப்படிச் சுடுகிறது என்று ஒரு கணம் தோன்றியது. தூசி அடைத்திருக்கும் என்று நானே பதிலும் சொல்லிக்கொண்டேன். தூசியும் இருக்கத்தான் செய்தது, விரல் பருமனுக்கு. பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தட்டி எடுத்தேன். இடது விசிறியை விரலால் தள்ளினால் அரைச்சுற்றில் நின்றது. உள்ளே எண்ணெய்ப் பசை வற்றியிருந்தது. நடுவில் ஒட்டியிருந்த வட்டத்தாளை உரித்து, அத்தையின் தையல் மிஷின் எண்ணெயிலிருந்து ஒரு சொட்டு விட்டேன். அவசரத்தில் இரண்டாவது சொட்டு சேலையில் விழுந்தது. திரும்பத் தள்ளினேன். ஏழு சுற்று ஓடிவிட்டுத்தான் நின்றது.

எல்லாவற்றையும் மாட்டி ஓடவிட்டபோது மணி பன்னிரண்டு. அரைக்கிற சத்தம் போயே போய்விட்டது. எனக்கு என்மேலேயே ஒரு பெருமை.

"இப்ப படிங்க அத்தை."

அத்தை கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வாசித்தார்: "நேற்று மழை பெய்ததால் பேருந்து தாமதமாக வந்தது."

சிவப்புக் கோடு. நாற்பத்தெட்டு.

எழுந்து ஜன்னலைச் சாத்தினேன். மின்விசிறியை நிறுத்தினேன். பிரிட்ஜின் வயரைப் பிடுங்கினேன். நாற்பத்தெட்டு. கடிகாரத்தைச் சுவரிலிருந்து இறக்கிப் படுக்கையறையில் போர்வைக்குள் சுற்றி வைத்தேன். அப்போதும் நாற்பத்தெட்டு. அறைக்கும் சமையலறைக்கும் நடந்தேன். நடந்தால் நேரம் போகிறது, உட்கார்ந்தாலும் நேரம்தான் போகிறது.

"இன்னும் கத்துது," என்றார் அத்தை.

"எங்க கத்துது? ஒண்ணுமே இல்ல."

"இருக்கு. மெல்லிசா. கீய்ங்னு, கொசு மாதிரி."

குழலை வைத்துக் கேட்டேன். காற்றுச் சத்தம் தவிர ஒன்றும் இல்லை. "இல்லாததச் சொல்லாதீங்க அத்தை! உங்களுக்கு இத படிக்க இஷ்டமில்ல, அதான் ஏதாவது சாக்கு. ரெண்டு வாரமா இதுதான நடக்குது!"

சொன்ன உடனேயே நாக்கைக் கடித்துக்கொண்டேன். அத்தை என்னைப் பார்த்தார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன், கோபப்படவில்லை.

"ஆமா, இஷ்டமில்லதான்," என்றார். "போகப்போற குரல டப்பால போட்டு வைக்கறதுல எனக்கென்ன சந்தோஷம்? ஆனா இப்ப பொய் சொல்லல. நீ வாய மூடு. நான் கண்ண மூடிக்கறேன். சத்தம் வந்தா விரல தூக்கறேன், நின்னா எறக்கறேன். நீ பாரு."

கண்ணை மூடினார். ஆள்காட்டி விரல் எழுந்தது. அப்படியே நின்றது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு போனில் நொடிகளைப் பார்த்தேன். நாற்பது நொடி கழித்து விரல் இறங்கியது. மூன்றே நொடி. மறுபடி எழுந்தது. நாற்பது, மூன்று. நாற்பது, மூன்று.

"நடுவுல மூச்சு வாங்குது பாரு," என்றார் கண்ணைத் திறக்காமலே.

எனக்குச் சுருக்கென்றது. நாற்பது நொடிக்கு ஒரு படம், அதைச் சேமித்து வைக்க மூன்று நொடி. அது என் வேலையின் கணக்கு. நீச்சல்குளத்தோடு ஒரு வீடு, அதைச் சுற்றி வரும் சலனப்படம், மறுநாள் ஒப்படைக்க வேண்டியது. காலையில் திரையில் அந்த வேலையின் ஜன்னலை மூடினேன். மூடிவிட்டால் நின்றுவிட்டது என்று நினைத்தேன். ஆனால் அடிக்கடி மின்சாரம் போகிறதே என்று ஆறு மாதம் முன்பு நானேதான் அதை அப்படி அமைத்து வைத்திருந்தேன். ஜன்னலை மூடினாலும் திரைக்குப் பின்னால் ஓடும், பெட்டியை நிறுத்தித் திரும்பப் போட்டாலும் விட்ட இடத்திலிருந்து தானாக ஆரம்பிக்கும். கார்டு காலையிலிருந்து முழு மூச்சில் வேலை செய்துகொண்டிருந்திருக்கிறது. அந்த அளவு மின்சாரம் ஓடும்போது கார்டின் சுருள்கள் மெல்லக் கீச்சிடும். விசிறிக்கு எண்ணெய் விட்டால் அது போகாது. வேலையை நிறுத்தினால்தான் போகும்.

எழுபத்தொரு சதவீதம் முடிந்திருந்தது. நிறுத்த ஒரு நொடிகூட யோசிக்கவில்லை என்றால் பொய். ஐந்து நொடி யோசித்தேன். பிறகு நிறுத்தினேன்.

அத்தையின் விரல் இறங்கியது. எழவே இல்லை. "அப்பாடா," என்றார்.

முப்பத்திரண்டு. பச்சைக்கோடு. மணி பன்னிரண்டு நாற்பது.

அதன் பிறகு அவர் வாசித்த வேகத்தை நான் மறக்க மாட்டேன். "எனக்கு வயலின் வாசிக்கத் தெரியாது" என்று படித்துவிட்டு, "இத நான் எப்ப, யார்கிட்ட சொல்லப் போறேன்?" என்றார். "தயவுசெய்து அந்த ஏணியைக் கொண்டு வாருங்கள்" என்பதற்கு, "இவ்வளவு மரியாதையா நான் யாரையும் கேட்டதே இல்ல" என்றார். சிரித்ததில் இரண்டு வாக்கியங்களைத் திரும்பப் பதிய வேண்டியிருந்தது. எண்பதில் வெந்நீர் குடித்தார். நூற்றிருபதில் குரல் உடைந்தது, பத்து நிமிஷம் படுத்தார். நூற்று நாற்பத்தாறில் ஒன்றுமே வரவில்லை, காற்றுதான் வந்தது. பயிற்சி அம்மாவுக்குப் போன் செய்தேன். "நூத்தி நாப்பது தாண்டினா போதும்மா" என்றார். மணி மூன்றரை. தரையில் உட்கார்ந்து அழுதேன். "எழுந்திரு, பை எடுத்து வச்சியா?" என்று அத்தை காற்றுக்குரலில் அதட்டினார்.

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. நான்காம் நாள் மதியம், பதிவுகளை அனுப்புவதற்காக வீட்டுக்கு வந்தேன். சிவப்புக் கோட்டால் ஒதுக்கப்பட்ட பதிவுகள் தனியாகக் கிடந்தன. அழிப்பதற்கு முன் பன்னிரண்டை ஓடவிட்டேன், கார்டு எப்படி அரைத்தது என்று கேட்க.

'கிர்ர்ர்' என்ற சத்தத்துக்கு மேலே அத்தை பேசினார். "என்னத்த பேசறது... அவ போயிட்டா. ஏய் பொட்டி, நீ கத்தறது எனக்கு ஒண்ணுமில்ல. நீ கத்தினா அவ காத மூடிக்கறா, அதான். தொண்டைல முள்ளு மாட்டின மாதிரி இருக்குன்னு முதல்ல அவகிட்டதான் சொன்னேன். பையன்கிட்ட சொன்னா பயந்துடுவான். அவ 'ம்'னு மட்டும் சொன்னா. திரும்பல. வேலையா இருக்காளேன்னு விட்டுட்டேன். அப்புறம் சொல்லத் தோணல... இனிமே எப்படிக் கூப்பிடறது அவள? கைதட்டணும்போல." பிறகு இரண்டு தட்டல்கள். இன்னும் இரண்டு, கொஞ்சம் பலமாக. "இது கேக்குமா அவளுக்கு? ... வந்துட்டா."

அடுத்து என் குரல்: "பேசினீங்களா?"

எத்தனை முறை கேட்டேன் என்று தெரியாது. ஆட்டோவில் நான் கத்தியபோது அவர் ஏன் வாயைத் திறக்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. சொல்லியிருந்தால் நான் உடைந்துபோயிருப்பேன். என்னைக் காப்பாற்றியிருக்கிறார். அந்தப் பதிவை அழிக்கவில்லை.

மூன்று வாரம் கழித்து அத்தை வீட்டுக்கு வந்தார். கழுத்தில் கட்டு, கையில் டேப்லெட். குரல் அன்று காலைதான் வந்து சேர்ந்திருந்தது. என் கணவர் எதிரே உட்கார்ந்து, "ஏதாவது பேசும்மா" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். அத்தை தட்டவில்லை. நான் அவர் காலடியில் போய் உட்கார்ந்தேன்.

"அத்தை, பன்னிரண்டாவது பதிவக் கேட்டேன். நீங்க சொல்லியிருக்கீங்க. நான்தான் கேக்கல. என்ன மன்னிச்சிடுங்க."

அவர் என் இரண்டு காதுகளையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். பிறகு ஒற்றை விரலால் மெதுவாகத் தட்டினார். டேப்லெட் அவர் குரலில், கரகரப்புக்கூட மாறாமல் சொன்னது:

"காதுமூடி, பொட்டி கத்துது. போய்ப் பாரு."

அடுத்த அறையில், தவணை கேட்டுத் தள்ளிவைத்திருந்த நீச்சல்குளத்து வீட்டின் மிச்சம் ஓடிக்கொண்டிருந்தது. நான் எவ்வளவு கூர்ந்து கேட்டும் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அத்தையின் ஆள்காட்டி விரல் மட்டும் தூக்கியபடி நின்றது. எழுந்து போய் அதை நிறுத்தினேன். வாசற்படியிலிருந்து திரும்பிப் பார்த்தபோது அத்தையின் விரல் இறங்கியிருந்தது.