எட்டு மாதம் முந்திய வாக்கு

டமார்!

தேயிலைத் தோட்டத்து லய வீடுகளுக்கு மேலே இடி விழுந்த வேகத்தில் கரண்ட் போனது. டிவி நாடகத்தில் கதாநாயகி மொட்டைக் கடுதாசியைப் பிரிக்கப்போன நேரம். சுப்பம்மா வீட்டில் கூடியிருந்த பெண்கள் வானத்தைப் பார்த்து வாய்க்கு வந்தபடி திட்டினார்கள்.

புஷ்பவதி மட்டும் இருட்டில் நிதானமாக வெற்றிலையை மடித்தாள்.

"எழுதினது மாமியாக்காரிதான். நாளைக்குப் பாருங்க."

மறுநாள் பார்த்தார்கள். மாமியாரேதான்!

இது நாலாவது தடவை. இரட்டைக் குழந்தை, போலிச் சாமியார், லொறி விபத்து, எல்லாமே அவள் சொன்னபடி நடந்திருந்தது. "புஷ்பவதிக்கு அருள் வந்திருக்கு" என்று லயமே பேசியது. கொழுந்து நிறுக்கும் வரிசையில் அவளுக்கு இப்போது முதல் இடம். இருபது வருஷமாகக் கடைசியில் நின்று மழையில் நனைந்தவள், விடுவாளா?

அருள் வந்தது பெல்மதுளை டவுனில் இருந்துதான். அங்கே போனும் இன்டர்நெட்டும் உள்ள ஒரு கொமியுனிகேஷன் கடையில் அவள் மருமகள் ராகினிக்கு வேலை. நம் இலங்கை டிவியில் இன்றைக்கு வரும் பாகம் இந்தியாவில் எட்டு மாதத்துக்கு முன்பே வந்துபோனது. அதை எவனோ புண்ணியவான் இன்டர்நெட்டில் போட்டு வைத்திருந்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் சோற்றுப் பார்சல் கொண்டுபோகிற சாக்கில், புஷ்பவதி கொம்பியூட்டர் முன்னால் குந்திவிடுவாள். படம் நின்று நின்றுதான் வரும். அதற்குள் ராகினியின் சோறு ஆறிப்போகும்.

"மாமி, ஒருநாளைக்கு மாட்டப்போறீங்க."

"நீ வாயத் தொறக்காட்டி எப்புடிடி மாட்டுவேன்?"

மாட்டினாள். மலையில் எல்லாரும் கொழுந்து பறித்துக்கொண்டிருக்கும்போது சுப்பம்மா வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, எம் மக ஷாமிளாவுக்குக் கொடகவெலயில இருந்து மாப்பிள்ளை வந்திருக்கு. கொழும்புல வேலையாம். நல்லவனான்னு ஒரு வாக்குச் சொல்லுங்க. நீங்க சரின்னா நாளைக்கே வெத்திலை மாத்திர்றோம்."

சுற்றிலும் பறித்த கைகள் நின்றன. நாலு நிரை தள்ளி நின்ற ஷாமிளாவும் கூடையை இறக்கி வைத்துவிட்டு இவள் வாயையே பார்த்தாள்.

புஷ்பவதி மடியில் வெற்றிலையைத் தேடினாள். பொய் சொன்னால் அந்தப் பிள்ளையின் வாழ்க்கை. உண்மையைச் சொன்னால் மறுபடியும் வரிசையின் வால்.

ஷாமிளாவை இன்னொரு தடவை பார்த்தாள். பெருமூச்சு விட்டாள்.

"அருளுமில்ல மண்ணுமில்லடி சுப்பம்மா! எல்லாம் ராகினி கடையில நெட்டுல பாத்தது. இந்தியாவுல எப்பவோ முடிஞ்ச கதைய வச்சுத்தான் ஒங்கள ஏமாத்தினேன்."

கண்ணை இறுக மூடிக்கொண்டாள். திட்டு விழவில்லை. சுப்பம்மாவின் வாய்தான் காதருகே வந்தது.

"நெட்டுன்னு ராகினி எப்பவோ சொல்லிட்டாக்கா. அதுனாலதான் ஒங்கள கேக்குறேன், இந்த மாப்பிள்ளையோட கதையும் அதுல எட்டு மாசம் முந்தியே வந்திருக்குமில்ல?"