முதல் பீஸுக்குப் பொட்டு

சிவன்மலை ஆண்டவர்மேல் ஆணை. கற்பூரத்தை ஏற்றி, அடித்து அணைத்தே சொல்லப்படுகிறது: இதில் ஒரு எழுத்து பொய்யென்றாலும் சொன்ன நாக்கில் தையல் மெஷின் ஊசி இறங்கட்டும்.

அனுப்பர்பாளையத்தில் பனியன் கம்பெனி வைத்திருக்கும் சென்னிமலைக்கு ஒரு வழக்கம். எந்த ஆர்டரானாலும் தைத்து முடிந்த முதல் பீஸ் முருகன் படத்துக்கு முன்னால் போகும். அவர் சம்சாரம் நல்லம்மாள் அதன் கழுத்துப்பட்டைக்கு உள்பக்கம் சந்தனமும் குங்குமமும் வைப்பாள். பிறகு அது முதல் பெட்டியில் மேலாக ஏறும். அப்படிக் கப்பலில் போன சட்டையைப் போட்ட ஒரு வெள்ளைக்காரர் வெள்ளிக்கிழமை கறி தின்பதையே விட்டுவிட்டாராம். இருக்கும்.

இவர்கள் மகன் அருள்செல்வன் இரண்டாயிரத்து ஆறில் லண்டனுக்குப் படிக்கப் போனான். ஃபீஸ் அப்பா பாடு. சோறும் வாடகையும் அவன் பாடு. படிக்க வந்தவன் வாரத்துக்கு இருபது மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக்கூடாது என்பது அந்த ஊர்ச் சட்டம். துணிக் கிடங்கு ஒன்றில் பெட்டி பிரித்துக் கறை பார்க்கும் வேலை கிடைத்தது. கொட்டாவி விட்டால் வாய் அப்படியே உறைந்துபோகும், வெந்நீர் ஊற்றித்தான் மூட வேண்டும், அவ்வளவு குளிர். ஆனால் வேலை போனால் அறை போகும். அறை போனால் படிப்பு போகும்.

வீட்டுக்கு மட்டும், "ஆபீஸ் வேலைங்கப்பா. உக்காந்த எடத்துலயேதானுங்க" என்று போனில் சொல்லி வைத்திருந்தான். சென்னிமலை அதைப் பேக்கரி பேக்கரியாகக் கொண்டுபோய், முதல் டீயில் மகனை மேனேஜராக்கி, இரண்டாம் டீயில் பாதி முதலாளியாகவே ஆக்கிவிட்டார்.

ஒரு திங்கட்கிழமை அருள்செல்வன் ஒரு பெட்டியைப் பிரித்தான். சந்தன வாசம் குப்பென்று வந்தது. மேலே கிடந்த வெள்ளைச் சட்டையின் கழுத்தில் அம்மாவின் மோதிர விரல் அகலத்துக்குப் பொட்டு.

முதல் பெட்டியில் கறை கண்டால் மொத்தச் சரக்கையும் திருப்பி அனுப்புவது அங்கே நடைமுறை. திரும்பினால் அப்பா கம்பெனிக்குப் பூட்டுத்தான். சூப்பர்வைசரின் பூட்ஸ் சத்தம் நெருங்கி வந்தது. அருள்செல்வன் கோட்டைக் கழற்றி, அந்தச் சட்டையை மாட்டி, மேலே கோட்டைப் போட்டுக்கொண்டான். சரக்கு பாஸானது.

சாயங்காலம் வாசல் சோதனையில் விலைச்சீட்டு காலருக்கு வெளியே தொங்கியது.

"யார் சட்டை?"

"எங்கப்பாவுடையது" என்று இங்கிலீஷில் சொன்னான்.

அங்கே பிடிபடுகிற திருடனெல்லாம் அப்படித்தான் சொல்வானாம். வேலை அன்றைக்கே போனது. மற்றவையும் சொன்ன வரிசையில் போயின.

அன்று ராத்திரியே அப்பாவின் போன் வந்தது. "டேய், சரக்கு பாஸாயிருச்சுடா! அத்தனையும் அந்தப் பொட்டு. உங்கம்மா கைராசி!"

"அப்பா, அந்தப் பொட்டு…"

"ஏன், என்னடா?"

பொட்டைச் சொன்னால் பெட்டியைச் சொல்ல வேண்டும். "ஒண்ணுமில்லீங்கப்பா."

பாதிப் படிப்போடு திரும்பி வந்தவனைப் பேக்கரியில் ஒருவர் பக்குவமாக விசாரித்தார். "ஏனுங் தம்பி, அந்தப் பாதிக் கம்பெனிய யாரு பாத்துக்கறாங்க?"

மறுநாள் பேக்கிங்கில் புது ஆர்டர் நின்றது. "இனி முதல் பெட்டிக்கு மட்டுமில்ல, எல்லாப் பெட்டிக்கும் பொட்டு" என்று சென்னிமலை அறிவித்திருந்தார். நல்லம்மாள் சந்தனக் கிண்ணத்தை மகனிடம் நீட்டினாள்.

"சீமைக்குப் போய்ட்டு வந்த கை. நீயே வெய்யி கண்ணு."

வைத்தான்.

"அமுத்தி வெய்யிடா, தெரியோணுமில்ல" என்றார் அப்பா.

கிடங்கில் இப்போது யார் பெட்டி பிரிப்பானோ என்று நினைத்துக்கொண்டே, அமுத்தி வைத்தான்.

சென்னிமலை கம்பெனியில் அன்றும் இன்றும் உள்ளூர்ச் சந்தைக்கு ஜட்டி மட்டும்தான் தைக்கிறார்கள். ஒரு பீஸ்கூடக் கப்பல் ஏறியதில்லை. சொன்ன நாக்கு ஊசிக்குக் காத்திருக்கிறது.